கல்லைப் பாருங்கள், அப்புறம் மனு எழுதுங்கள்: சாலை நிதி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எங்கள் ஊர் ரோடு மோசம், என்ன செய்வது?" எந்த ரோடு என்று எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எட்டு வருஷமாகப் போடாத சாலை. எம்.எல்.ஏ., கலெக்டர், முதல்வர் தனிப்பிரிவு என்று எல்லாருக்கும் மனு கொடுத்தாகிவிட்டது. பலன் இல்லை. (திருவையாறு)

நாலு பக்கக் கடிதத்தில் சாலையின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. மனுவிலும் இப்படித்தான் எழுதியிருப்பீர்கள். வெறும் "ரோடு" என்று ஒன்று அரசாங்கக் கணக்கில் கிடையாது. கல்லணையிலிருந்து உங்கள் ஊர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் போவது மாநில நெடுஞ்சாலை. அதிலிருந்து தெருவுக்குப் பிரியும் அரை கிலோமீட்டர் அநேகமாக உள்ளாட்சியுடையது. இரண்டுக்கும் பணம் வேறு, ஆபீசும் வேறு. முதலில் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநிலம், கறுப்போ நீலமோ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. கல்லே இல்லாவிட்டால் உள்ளாட்சி ஆபீசில் (கிராமமானால் பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர் ஆபீசில்) சாலைப் பதிவேட்டைக் கேளுங்கள். அதற்கப்புறம் பேனாவை எடுங்கள்.

"நம்ம சாலை" செயலியில் எங்கள் தெருப் பள்ளத்தைப் படம் பிடித்துப் போட்டேன். யாரும் வரவில்லை. (பாபநாசம்)

வரமாட்டார்கள். அது நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளுக்கு. தெரு பேரூராட்சியுடையது. கல்லைப் பாருங்கள்.

வாய்க்கால் கரையில் ஊராட்சி ரோடு போட மறுக்கிறது. பணம் இல்லையாம். (நீடாமங்கலம்)

பணம் இருந்தாலும் போட முடியாது. கரை நீர்வளத் துறையுடையது. அவர்கள் தடையில்லாக் கடிதம் கொடுத்தால்தான் ஊராட்சி அதில் ஒரு கூடை ஜல்லி கொட்டலாம்.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிலோமீட்டர் போடும் பணத்தில் எங்களுக்கு முக்கால் கிலோமீட்டர்தான் போடுகிறார்கள். மீதி எங்கே போகிறது? (வேதாரண்யம்)

சந்தேகப்படுங்கள், ஆனால் சரியான இடத்தில் சந்தேகப்படுங்கள். டெல்டா முழுக்க வண்டல். கைப்பிடி ஜல்லி கிடைக்காது. புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கத்துக் குவாரியிலிருந்து லாரியில் வர வேண்டும். எஸ்டிமேட்டில் இந்தத் தூரத்துக்கு "லீடு" என்று பெயர். உங்கள் ஊருக்கு நூறு கிலோமீட்டர் லீடு சர்வ சாதாரணம். அதுபோகக் களிமண் தரையில் அடித்தளம் கனமாகப் போட வேண்டும். இது எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: லீடு எந்தக் குவாரியிலிருந்து எழுதியிருக்கிறார்கள், லோடு உண்மையில் எங்கிருந்து வந்தது? பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்டிமேட் நகலும் எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) நகலும் கேளுங்கள். பதில் சொல்ல 30 நாள் கெடு.

ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் எங்கள் வீடு தாழ்ந்துகொண்டே போகிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் கூடத்துக்கே வருகிறது. நிதி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா? (கும்பகோணம்)

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். திண்ணைக்கு ஏற ஐந்து படி இருந்தது, இப்போது ஒன்றுதான் மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற நாலு படியும் எங்கும் போகவில்லை. தாருக்கு அடியில் இருக்கின்றன.

கணக்கு எளிது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மேல்பூச்சு. பள்ளம் மேடு நிரவுவதையும் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் 50 மில்லிமீட்டர் ஏறும். முப்பது வருஷத்தில் ஓர் அடி. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குப் போட வேண்டும், சாலை மட்டம் ஏறக்கூடாது என்று 2021 மே மாதத்திலேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு சாலை போடும் துறைகளுக்கு எழுதிவிட்டார். பிறகும் ஏன் நடப்பதில்லை? தாரைச் சுரண்டும் மில்லிங் மிஷினுக்கு வாடகை உண்டு. சந்துக்குள் அது நுழையாது என்பார்கள். சுரண்டிய பின் ஜல்லி வெளியே தெரியும் இரண்டு நாளும் கவுன்சிலருக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். மேலே ஊற்றிவிட்டுப் போனால் ஒரே ராத்திரியில் வேலை முடியும், மறுநாள் காலையில் கறுப்பாகப் பளபளக்கும்.

நானும் யோக்கியன் இல்லை. பணியில் இருந்தபோது ஒரு சன்னிதித் தெருவுக்கு மில்லிங் இல்லாமல் எஸ்டிமேட் போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். அந்தக் கார்த்திகையில் எதிர்ச்சாரியில் ஒரு வீட்டுக்காரர் வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நிதி வேண்டாம் என்று எழுதாதீர்கள். பணம் பக்கத்து வார்டுக்குப் போய்விடும். வேலை ஆரம்பிக்கும் முன் உங்கள் வாசற்படியிலிருந்து சாலை மட்டம் எவ்வளவு என்று டேப்பில் அளந்து, தேதி தெரிய ஒரு படம் எடுங்கள். எஸ்டிமேட்டில் மில்லிங் ஒரு இனமாக இருக்கிறதா என்று பாருங்கள். இனம் இருந்தும் சுரண்டாமல் போட்டால் அது செய்யாத வேலைக்குப் பில் போடுவது. இனமே இல்லையென்றால் இப்போதே மாநகராட்சிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். தார் ஊற்றிய பிறகு என்னிடம் வந்து பயனில்லை.

ஏன் மழைக்காலம் பார்த்துத்தான் ரோடு போடுகிறார்கள்? (நன்னிலம்)

நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. ஒப்புதல், டெண்டர், வேலை உத்தரவு முடிவதற்குள் புரட்டாசி வந்துவிடும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் நாலைந்து நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும். வாய்க்கால் ஓரத்து மண் ஊற ஆரம்பித்துவிடும். நம் பக்கம் தார் வேலைக்கு நல்ல காலம் மாசி முதல் வைகாசி வரை. அதிலும் சம்பா அறுப்பு மிஷினும் நெல் லாரியும் போன பிறகு. ஈரத் தரையில் தார் ஒட்டாது. தூறலில் போட்டால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். டிராக்டரில் கேஜ் வீலோடு (சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) ரோட்டில் ஏறுகிறவர் சொந்தக்காரரானால் அவரிடமும் கூச்சப்படாதீர்கள்.

எம்.எல்.ஏ. நிதி வருஷத்துக்கு 3 கோடி. எங்கள் தெருவுக்கு 10 லட்சம் தரக்கூடாதா? (மன்னார்குடி)

தரலாம். தொகுதியில் எத்தனை தெரு என்று எண்ணிவிட்டுக் கேளுங்கள்.

பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடு இரண்டே வருஷத்தில் பெயர்ந்துவிட்டது. புது நிதிக்கு மனு எழுதித் தாருங்கள். (பேராவூரணி)

எழுதித் தரமாட்டேன். அந்தத் திட்டத்தில் ஐந்து வருஷப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் பொறுப்பு. சாலை தொடங்கும் இடத்துப் பலகையில் வேலை முடிந்த தேதி இருக்கும். பலகை முள்செடிக்குள் இருந்தால் வெட்டிப் பாருங்கள். கெடு முடியாத சாலைக்குப் புது நிதி கேட்டால் அவருக்குத்தான் கொண்டாட்டம்.

ரோடு குண்டும் குழியுமாக இருப்பதால் டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். (சீர்காழி)

2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். அதற்கான பணத்தை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குத் தருகிறது. பஸ்ஸே வராவிட்டால் அந்தச் சலுகை உங்கள் ஊருக்கு இல்லை. டெப்போவோடு சண்டை போடாதீர்கள். எந்த இடத்தில் பஸ் திரும்ப முடியவில்லை என்று கிளை மேலாளரிடம் எழுத்தில் வாங்கி, சாலைக்காரரிடம் கொடுங்கள். சாலைக்காரர் யார்? கல்.

போட்ட மூன்றாம் நாளே கையால் பெயர்ந்து வருகிறது. வீடியோ அனுப்பியுள்ளேன். (வலங்கைமான்)

வெயிலில் புதுத் தார் கொஞ்சம் இளகத்தான் செய்யும். பெயர்ந்த துண்டின் அடியில் தூசி ஒட்டியிருந்தால், கூட்டிச் சுத்தம் செய்யாமல், டேக் கோட் (பழைய தளத்தோடு ஒட்ட அடிக்கும் மெல்லிய தார்ப்பூச்சு) அடிக்காமல் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வீடியோவில் உங்கள் கையும் மோதிரமும் நன்றாகத் தெரிகின்றன. ரோடு எது என்றுதான் தெரியவில்லை. பக்கத்தில் கல் இருந்தால் அதையும் சேர்த்து மறுபடி எடுத்து அனுப்புங்கள்.