கட்டத்துக்குள் அடங்கும் சீன எழுத்து

கேள்வி: தம்பியும் நானும் சேர்ந்து ஒரு சின்ன வீடியோ கேம் செய்கிறோம். தமிழ், மலையாளம் முடிந்தது. சீனம், ஜப்பானியம், கொரியனிலும் வெளியிட ஆசை. சதுரப் புள்ளிகளால் வரைந்த பழைய பாணி பிக்சல் எழுத்துரு இலவசமாகக் கிடைக்குமா, கேமை விற்கலாமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: தாராளமாக. ஆர்க் பிக்சல், ஃப்யூஷன் பிக்சல் என்று இரண்டு எழுத்துருக்கள் இருக்கின்றன. இரண்டுமே ஓப்பன் சோர்ஸ், எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருபவை. கேமுக்குள் வைத்து விற்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, உரிமக் கோப்பையும் கூடவே வைத்துவிடுங்கள்.

இதை வரைபவர்களின் உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தருகிற உலகப் பொதுப் பட்டியலான யூனிகோடில் கொரிய அசைகளுக்கு மட்டுமே 11,172 இடங்கள், சீன எழுத்துகள் அதைவிடப் பல மடங்கு, ஒவ்வொன்றையும் 12-க்கு 12 பிக்சல் கட்டத்துக்குள் கோடுகள் ஒட்டிக்கொள்ளாமல், தேவைப்பட்டால் ஒன்றிரண்டு கோடுகளைக் குறைத்து, ஆனாலும் படிக்கிற மாதிரி அடக்க வேண்டும்.

ஒரே யூனிகோடு எண்ணுள்ள எழுத்தைச் சீனாவிலும் ஜப்பானிலும் சற்று வேறாக எழுதுவது உண்டு. அதனால் அந்தந்த மொழிக்கான கோப்பையே எடுங்கள், இல்லையென்றால் ஜப்பானியர் கண்ணுக்கு உடனே உறுத்தும். அப்புறம், 12 பிக்சல் எழுத்துருவை 24, 36 என்று மடங்கில்தான் பெரிதாக்க வேண்டும். 18 வைத்தால் சில கோடு தடித்து, சில கோடு மெலிந்து பார்க்கவே சகிக்காது.