தாத்தாவை இன்ஜினீயர் ஆக்கியது யாருக்காக?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறேன். வயது 38. கணவர் ஆஸ்திரேலியர். அவருடைய முன்னோர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலிலிருந்து தென் ஆஸ்திரேலியாவின் மூன்டா செம்புச் சுரங்கத்துக்கு வந்தவர்கள். இந்த ஊரில் அவர்களுக்கென்று ஒரு கார்னிஷ் சங்கம் இருக்கிறது. என் மாமியார்தான் செயலாளர். அவருக்கு வயது 76. மாதம் ஒரு சனிக்கிழமை சர்ச் ஹாலில் கூடுவார்கள். முக்கால்வாசிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். பாஸ்டி, டீ, குங்குமப்பூ கேக், பாட்டு, பிறகு வம்சாவளிப் பேச்சு. "என் கொள்ளுத்தாத்தா சின்னப் பையனாகச் சுரங்கத்துக்குப் போனவர்", "என் பாட்டியின் பாட்டி கல் உடைத்தவள்" என்று ஒருவருக்கொருவர் போட்டி. எனக்கு அங்கே என்ன இருக்கிறது? கணவர் நண்பர்களோடு நிற்பார், நான் மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது மார்ச் விழாவில் என் 9 வயது மகன் கொடி பிடிக்க வேண்டுமாம். சனிக்கிழமை அவனுக்குத் தமிழ் வகுப்பு இருக்கிறது. மாமியாரின் அப்பாவுக்குச் சித்தப்பா ஒருவர் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர் என்பதால், என்னையும் தங்கவயல் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்கிறார். (என் அப்பாவின் அப்பா அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அடியில் இறங்கிய கூலி. தீபாவளி விருந்து ஒன்றில் இன்ஜினீயர் என்று சொல்லிவிட்டேன். கணவரும் அப்படியே நம்புகிறார்.) யார் மனமும் நோகாமல் நானும் மகனும் இந்தச் சனிக்கிழமைகளிலிருந்து விலகுவது எப்படி?

– பெயர் வேண்டாம், மெல்பர்ன்

பதில்: புகுந்த வீட்டுச் சங்கம், சபை, கோயில் கமிட்டி என்று இப்படிக் கடிதம் வராத மாதம் கிடையாது. எல்லாரும் "போரடிக்கிறது" என்றுதான் எழுதுகிறார்கள். பிரச்சினை அலுப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

"பாவம், உங்கள் சனிக்கிழமை உங்களுக்கு வேண்டும்தானே" என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத மாட்டேன். கேக்கையும் டீயையும் அத்தனை விரிவாக எழுதிவிட்டு, தாத்தாவை அடைப்புக்குறிக்குள் தள்ளியிருக்கிறீர்கள். எனக்கு அந்த அடைப்புக்குறி போதும்.

அந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பிரபு வம்சமா, தளபதி வம்சமா? 1860களில் செம்பு விலை சரிந்து கார்ன்வால் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டபோது பிழைக்க வழியில்லாமல் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள். அதற்கு முன்பே 1845இல் தென் ஆஸ்திரேலியாவின் பர்ராவில் செம்பு கிடைத்தது, 1861இல் மூன்டாவில். அங்கேயும் போனார்கள், மெக்சிகோவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனார்கள். கணவன் அனுப்பும் பணத்தை நம்பி வருஷக்கணக்கில் தனியாகக் குடும்பம் நடத்திய பெண்கள் கார்ன்வாலில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். துபாய்க்கு ஆளனுப்பிய நம் ஊர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. மூன்டா சுரங்கமும் 1923இல் மூடிவிட்டது, மறுபடி மூட்டை கட்டினார்கள்.

நீங்கள் அலுத்துக்கொள்ளும் அந்த பாஸ்டி என்ன? மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீடு (swede) என்கிற மஞ்சள் கிழங்கு, எல்லாவற்றையும் மாவில் மடித்துச் சுட்ட தொழிலாளியின் மதியச் சாப்பாடு. தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், அடியில் உட்கார்ந்து கையில் பிடித்துத் தின்றுவிடலாம். உங்கள் பையன் பிடிக்கப்போகும் கொடி என்ன? கறுப்புத் துணியில் வெள்ளைச் சிலுவை. மார்ச் 5இல் அவர்கள் கொண்டாடும் புனித பிரான், வெள்ளீயம் தோண்டுகிறவர்களின் காவலர். அவர் அடுப்பின் கருங்கல்லிலிருந்து வெள்ளீயம் உருகிச் சிலுவையாக வழிந்தது என்பது கதை. ராஜா கொடி, படைக்கொடி எத்தனையோ உண்டு. இது சுரங்கத் தொழிலாளியின் கொடி. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் பாடும் கேரல்களில் பல, இல்லோகன் என்ற ஊரில் சின்ன வயதில் சுரங்க வேலைக்குப் போன தாமஸ் மெரிட் என்பவர் மெட்டுப் போட்டவை. 1908இல் இறந்துபோன மனிதர். மூன்டாவில் இன்றும் பாடுகிறார்கள்.

அதாவது தாயே, மெல்பர்ன் நகரத்தில் "என் தாத்தா அடியில் இறங்கிய கூலி" என்று சொன்னால் எழுந்து நாற்காலி போடக்கூடிய இடம் ஒன்றே ஒன்று இருக்கிறது என்றால், அது நீங்கள் தப்பி ஓடப் பார்க்கும் அந்த ஹால்தான். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு தாத்தாவுக்குக் கோட்டு மாட்டி இன்ஜினீயர் ஆக்கியிருக்கிறீர்கள். சுற்றிலும் எல்லாரும் கூலிக்காரத் தாத்தாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும்போது, பொய்த் தாத்தாவை வைத்திருப்பவளுக்கு எப்படி அங்கே உட்கார முடியும்? போனைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பொய்யை நீங்கள் அவர்களுக்காகச் சொல்லவில்லை என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முதலில் சொன்னது தீபாவளி விருந்தில். அங்கே இருந்தவர்கள் நம் ஆட்கள். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, தாத்தா என்ன வேலை என்று படிப்படியாக இறங்கி வந்து, கடைசியில் கேட்காமலே ஒன்றைக் கேட்டுவிடும் நம் ஆட்கள். தங்கவயலில் அடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடார்க்காடு, தர்மபுரி, சித்தூர்ப் பக்கத்து ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களிலிருந்து போனவர்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த சேதி. உங்கள் சாதி எனக்குத் தெரியாது, எனக்கு அது தேவையும் இல்லை. ஆனால் "கூலி" என்றதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஓடும் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, பயந்திருக்கிறீர்கள். அந்தப் பயத்துக்காக உங்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அது உங்கள் மேல் ஏற்றப்பட்ட பயம். ஆனால் அதைச் சுமந்துகொண்டுபோய், அந்தக் கணக்கே தெரியாத கிழவர் கிழவிகளின் நடுவில் வைத்தீர்கள் பாருங்கள், கட்டிய கணவனிடம் வைத்தீர்கள் பாருங்கள், அதற்குத் திட்டுகிறேன். பதினோரு வருஷமோ பன்னிரண்டோ, ஒரே படுக்கையில் படுத்தும் தாத்தா யார் என்று சொல்லாதது என்ன குடும்பம்?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபம் வந்தால் வரட்டும். உங்கள் மாமியாருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஊரார் வம்சாவளியை மாதாமாதம் பேசிப் பழகிய பெண்மணி. சித்தப்பாத் தாத்தா கோலாரில் இருந்தவர். 1880இலிருந்து 1956இல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை அந்தச் சுரங்கங்களை நடத்தியது லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி. அந்தக் காலத்தில் மேல் வேலைகள் எல்லாம் வெள்ளைக்காரர் கையில். சுரங்க கேப்டன் என்று பெயர் போட்டு வந்தவர்களில் கார்ன்வால்காரர்கள் ஏராளம். உங்கள் தாத்தா இன்ஜினீயர் என்றதும் அவர் மனசுக்குள் என்ன நினைத்திருப்பார்? கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தவில்லை. பத்து நிமிடம் பேசு என்று வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். நான் தப்பாகவும் ஊகிக்கலாம். ஆனால் அவர் கேட்டது தங்கவயலைப் பற்றி. மருமகள் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்கும் மாமியார் எத்தனை பேருக்கு வாய்க்கிறது என்று எனக்கு வரும் மற்றக் கடிதங்களைக் காட்டினால் வாயடைத்துப்போவீர்கள்.

ஆகவே விலகுவது எப்படி என்பதற்கு நான் வழி சொல்லப்போவதில்லை. பேசுவது எப்படி என்று சொல்கிறேன்.

அங்கே போய் "நீங்களும் சுரங்கம், நாங்களும் சுரங்கம், எல்லாரும் சொந்தம்" என்று இனிப்புத் தடவ வேண்டாம். அது இன்னொரு பொய். உலகத்தில் எங்கே குழி இருந்தாலும் அதன் அடியில் ஒரு கார்ன்வால்காரன் இருப்பான் என்று அவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. கோலாரில் அந்த அடியில் பாறை உடைத்தவர் உங்கள் தாத்தா. கார்ன்வால்காரர் அவரை மேய்த்தவர். சித்தப்பாத் தாத்தாவுக்கு பங்களாவும் கிளப்பும். தொழிலாளிக்கு முதலில் மூங்கில் தட்டி வீடு, பிறகு லைன் வீடு. வேலை முடிந்து மேலே வந்தால் தங்கம் திருடியிருப்பான் என்று உடம்பைத் தடவிச் சோதனை. 1930இல் கைரேகை வைக்கச் சொன்னபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். இதையெல்லாம் சொல்லுங்கள். மாமியாரின் சித்தப்பாத் தாத்தாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. ஆனால் பங்களாவின் போட்டோவை மட்டும் காட்டிக் கைதட்டு வாங்குகிற கூட்டமாக அது இருக்கக் கூடாது. அந்த ஹாலில் அதைச் சொல்லத் தகுந்த ஆள் நீங்கள் ஒருத்திதான்.

பிறகு ஆழத்தைச் சொல்லுங்கள். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கு மேல் கீழே போனது. அடியில் பாறை சுடும். திடீரென்று பாறை வெடித்துச் சிதறும். எந்த ஷிஃப்டில் யார் திரும்பி வரவில்லை என்று வீட்டுப் பெண்கள் ஓடிவந்து நிற்பார்கள். தூசி நுரையீரலில் இறங்கி, இருமி இருமிச் செத்தவர்கள் எத்தனையோ பேர். இந்த இடத்தில் அவர்களுக்குப் புரியும். கார்ன்வாலிலும் துளைக் கருவி வந்த பிறகு அதே தூசியில்தான் ஆண்கள் இளம் வயதில் செத்தார்கள். 2001 பிப்ரவரியில் தங்கவயலை மூடியதைச் சொல்லுங்கள். கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி மூடியது 1998 மார்ச்சில். மூன்று வருஷ வித்தியாசம். அவர்கள் ஊர்ச் சுரங்கப் பகுதிகளை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மூன்டாவும் பர்ராவும் 2017இல் ஆஸ்திரேலியாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. தங்கவயலில் மிஞ்சியது, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடு.

"எனக்கு அங்கே என்ன இருக்கிறது" என்று கேட்டீர்களே, சங்கம் வைத்துக் கூடுவது கார்னிஷ்காரர்களுக்கு மட்டும் தெரிந்த வித்தையா? உங்கள் தாத்தா இருந்த ஊரில் கூலிக்காரர்களே சங்கம் நடத்தினார்கள். அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் கிளைகள் இருந்தன. அவருடைய எழுத்தை அச்சிட்ட சித்தார்த்த புத்தகசாலை தங்கவயலில்தான் இருந்தது. எட்டு மணி நேரம் அடியில் கிடந்துவிட்டு மேலே வந்து கூட்டம் போட்டு, படித்து, புத்தகம் போட்டவர்கள். அந்த வம்சத்தில் வந்த பெண்ணுக்குச் சனிக்கிழமைக் கூட்டம் அலுப்பாக இருக்கிறதாம்!

வரிசை முக்கியம். முதலில் கணவரிடம் சொல்லுங்கள், மகன் தூங்கிய பிறகு. அவருக்கும் என்னிடமிருந்து ஒரு குட்டு: கூட்டிக்கொண்டு போய் மூலையில் விட்டுவிட்டு நண்பர்களோடு நிற்கிறாரே, பக்கத்தில் உட்கார்ந்து யார் யார் என்று அறிமுகம் செய்து வைத்தால் தேய்ந்துபோய்விடுவாரா? அடுத்து மாமியாரிடம், அவர் வீட்டில், தனியாக. ஹாலில் வைத்துச் சொல்லி அவரைத் திடுக்கிட வைக்காதீர்கள். அழ வேண்டாம், மன்னிப்புப் பாட்டும் வேண்டாம். "தாத்தா இன்ஜினீயர் இல்லை, அடியில் வேலை செய்தவர், சொல்ல வெட்கமாக இருந்தது" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிட்டு, உங்கள் சித்தப்பாத் தாத்தா எந்தச் சுரங்கத்தில் இருந்தார் என்று திருப்பிக் கேளுங்கள். அப்புறம் ஒரு மணி நேரம் அவரே பேசுவார். தீபாவளிக் கூட்டத்துக்கு என்ன சொல்வது என்பதை உங்களிடமே விடுகிறேன். அவர்களுக்கு நீங்கள் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் இல்லை. ஆனால் மறுபடி யாராவது கேட்டால் பொய்யைப் புதுப்பிக்காதீர்கள்.

மகனைக் கொடி பிடிக்க விடுங்கள். அது அவன் அப்பா வீட்டுக் கொடி, அதில் உங்களுக்கு ஆட்சேபணை இருக்கக் கூடாது. தமிழ் வகுப்பை அதற்குப் போட்டியாகக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள், மாதத்தில் மற்றச் சனிக்கிழமைகள் இருக்கின்றன. ஆனால் கொடி பிடிப்பதற்கு முன் இரண்டு தாத்தாக்களின் கதையும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் பள்ளியிலும் "என் பூட்டனார் இன்ஜினீயர்" என்று எழுதி வைத்திருப்பானோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பார்த்துத் திருத்துங்கள்.

பேச்சுக்கான சங்கதிக்கு நான் எழுதியது போதாது. உங்கள் அப்பாவைக் கேளுங்கள். உயிரோடு இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை, அதையும் விட்டுவிட்டீர்கள். அவர் இல்லாவிட்டால் அத்தை, பெரியப்பா, தங்கவயலில் இன்னும் இருக்கும் யாராவது. எந்த ஷாஃப்டில் இறங்கினார், எந்த லைனில் வீடு, என்ன சம்பளம், மேலே வந்ததும் என்ன சாப்பிடுவார், யார் அவரைப் படிக்க வைக்காமல் விட்டது, அவர் யாரைப் படிக்க வைத்தார் என்று கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். இந்திய நேரம் பார்த்துப் போன் போடுங்கள், வயசானவர்களை மத்தியானத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் ஒன்றும் ஞாபகம் வராது. மாமியாரிடம் பத்து நிமிடம் போதாது, இருபது வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.