கைவிட்ட குண்டுவீச்சு விமானம் மறுபடி பறக்குமா?

'போர்க்காலக் குண்டுவீச்சு விமானத்தை இன்றைக்கும் பறக்க வைக்கிறார்களாமே, எப்படி?' என்று பாளையங்கோட்டை பாலிடெக்னிக் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்.

நம் நாடே செய்த வேலைதான் தம்பி. 1945-க்குப் பின் பிரிட்டிஷ் விமானப்படை கான்பூரில் முடக்கிப் போட்டுவிட்டுப் போன லிபரேட்டர் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களை, பெங்களூர் விமானத் தொழிற்சாலையான ஹெச்.ஏ.எல். செப்பனிட்டது. நம் விமானப்படை அவற்றை 1968 வரை ஓட்டியது. இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கும் லிபரேட்டர்கள் பல இங்கிருந்து போனவைதான்.

பெரிய எதிரி அரிப்பு. அலுமினியத் தகடு பார்வைக்குப் பளபளக்கும், உள்ளே பொடிப்பொடியாக உதிரும். தூத்துக்குடி உப்புக்காற்றில் நின்ற வண்டியைப் பிரித்தவர்களுக்குப் புரியும். அப்புறம் உலோகச் சோர்வு, அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கி உலோகம் பலமிழப்பது. இறக்கையைத் தாங்கும் முதன்மை உத்தரம் அப்படிச் சோர்ந்தால் அதையே மாற்ற வேண்டும். பிரிட்டனின் போர்க்காலக் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டர் ஒன்றுக்கு 1995-96-இல் அப்படித்தான் மாற்றினார்கள். கட்டிய 7,377 லங்காஸ்டர்களில் இன்று பறப்பவை இரண்டே.

எனக்குப் பிடித்தது, தகடுகளை இணைக்க அடிக்கும் ஆணியான ரிவெட் சங்கதி. சில அலுமினிய ரிவெட்டுகளைச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, ஃப்ரீசரில் வைப்பார்கள். எடுத்ததும் அடித்துவிட வேண்டும். வெளியே கிடந்தால் இறுகிவிடும்.

பராமரிப்பு? லிபரேட்டரின் இன்ஜினில் சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும்; அதில் கீழ் சிலிண்டர்களில் ஆயில் இறங்கித் தேங்கும். ஆயில் அமுங்காது என்பதால், அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் முதலில் இன்ஜின் முன்னால் உள்ள விசிறியை (புரொப்பெல்லரை) கையால் மெதுவாகச் சுற்றுவார்கள். நம்மூர்க் கிணற்று ஆயில் இன்ஜினுக்கு ஹேண்டில் போடுவது மாதிரிதான், ஆனால் இங்கே இன்ஜின் நான்கு! சுற்றும்போது முரண்டு பிடித்தால் அழுத்தித் தள்ளக் கூடாது, கீழ் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடிக்க வேண்டும்.