தீனா அன்செல்மி – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

போன வாரம் இத்தாலி பத்தி எழுதினப்போ, அங்க முதல் பெண் மந்திரி வந்ததே 1976-லதான்னு ஒரே வரியில சொல்லிட்டுத் தாண்டிப் போயிட்டீங்க. தேடிப் பாத்தேன். பேரு தீனா அன்செல்மி, தொழிலாளர் துறை, அப்புறம் சுகாதாரம், மொத்தம் மூணு வருஷம். அவ்ளோதானா? தீவிர கத்தோலிக்கர்ங்கறாங்க, ஆனா கருக்கலைப்பு சட்டத்துல அவங்க கையெழுத்து இருக்கு. பதவிக்காக நம்பிக்கையை விட்டவங்களா, இல்ல சும்மா கணக்குக் காட்ட உக்கார வெச்ச பொம்மையா?

– எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாண்டிப் போனது என் தப்புதான், திட்டுங்க. ஆனா பொம்மைங்கறதை மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

1944 செப்டம்பர்ல பஸ்ஸானோ டெல் கிராப்பாங்கற ஊர்ல 31 பேரை நாஜிகளும் அவங்க கூட இருந்த பாசிஸ்டுகளும் தெருவோர மரங்கள்ல தூக்குல போட்டாங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து கட்டாயப்படுத்தி பாக்க வெச்சாங்க, அந்தக் கூட்டத்துல நின்ன 17 வயசுப் பொண்ணு இவங்க. அதுக்கப்புறம் எதிர்ப்புப் படையில சேந்து சைக்கிள்ல தகவல் கொண்டு போற வேலை. வெச்சுக்கிட்ட பேரு காபிரியேல்லா (சேதி கொண்டுவர்ற தேவதூதர் பேரு, பொருத்தமாத்தான் புடிச்சிருக்காங்க). போர் முடிஞ்சு டீச்சர் வேலை, நெசவுத் தொழிலாளர் சங்க வேலை, 1968-ல எம்.பி. ஆக, மந்திரியா வரும்போது வயசு 49, பின்னாடி இவ்ளோ இருக்கு.

தொழிலாளர் மந்திரியா இருந்தப்போ 1977 டிசம்பர்ல வந்த 903-ம் எண் சட்டம் வேலையில ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னுச்சு, குழந்தையைப் பாத்துக்க அப்பாவும் லீவு எடுக்கலாம்னும் அதுலயே இருந்தது. அப்பா லீவு! 1977-ல! நம்ம ஆபீஸ் எச்.ஆர். கிட்ட இன்னைக்கும் கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க.

இப்ப உங்க முக்கியமான கேள்வி. 1978 மார்ச்ல சுகாதாரத் துறைக்கு வந்த அதே வாரம் முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோவை சிவப்புப் படையணிங்கற (Red Brigades) இடதுசாரி தீவிரவாதக் குழு கடத்திடுச்சு, மே 9 உடல் கிடைச்சது, அன்செல்மி கட்சிக்குள்ள அவரோட அணி. மே 13 மனநோய் விடுதிகளை மூடற பஸாலியா சட்டம், மே 22 கருக்கலைப்பு சட்டம், அந்த மாசத்தை எப்படித்தான் தாண்டினாங்களோ. அதுக்கு முன்னாடி கருக்கலைப்பு அங்க குற்றம், அதுவும் முசோலினி காலத்து சட்டத்துல ‘இனத்தின் நலனுக்கு எதிரான குற்றம்’னு ஒரு தலைப்புக்குக் கீழ. புதுச் சட்டத்தை அவங்க கட்சி, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டுச்சு, ஆனாலும் நிறைவேறிடுச்சு. நிறைவேறின சட்டத்துல சம்பந்தப்பட்ட மந்திரிங்க கையெழுத்து போடணும், போட்டாங்க. இவங்க மட்டும் இல்ல, பிரதமர் அந்திரியோத்தியும் ஜனாதிபதி லெயோனேயும் போட்டாங்க, எல்லாரும் அதே கட்சி. மனசாட்சிக்கு ஒப்பலைன்னா டாக்டர் மறுக்கலாம்னு அந்தச் சட்டத்தோட 9-வது பிரிவு சொல்லுது. மந்திரிக்கு அப்படிப் பிரிவு கிடையாது. புடிக்காத சட்டத்துக்கு கையெழுத்தை நிறுத்தி வெக்கற மந்திரி எனக்கு பயம், அன்செல்மிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்னு நினைக்கறேன், சட்டம் இல்லாத அதிகாரம் எப்படி இருக்கும்னு அந்த மரங்களுக்குக் கீழயே பாத்தாச்சே. அதை விட்டுக்கொடுத்ததுன்னு நீங்க சொல்றீங்க, நான் அதைப் புடிவாதம்பேன். அதே வருஷம் டிசம்பர்ல எல்லாருக்கும் பொதுவான தேசிய சுகாதார சேவையும் வந்துச்சு, அது இன்னைக்கும் ஓடுது.

மூணு வருஷத்தோட ஏன் நின்னுச்சுன்னு கேட்டா, 1979-ல அரசு மாறிச்சு, பதவி போச்சு. திரும்ப ஏன் வரலைங்கறதுக்கு என்னோட சந்தேகம் வேற. 1981 மார்ச்ல லீச்சோ ஜெல்லிங்கறவரோட இடத்துல போலீஸ் தேடினப்போ, அவர் தலைமையில இருந்த பி2-ங்கற ரகசிய சங்கத்தோட உறுப்பினர் பட்டியல் கிடைச்சது. 962 பேரு. மந்திரிங்க, ஜெனரலுங்க, உளவுத்துறை தலைவருங்க, பத்திரிகைக்காரங்க, ஒரு டிவி முதலாளி. அரசே கவுந்துச்சு. விசாரணைக் கமிஷனுக்கு தலைமை அன்செல்மி, தேர்ந்தெடுத்தது கம்யூனிஸ்ட் சபாநாயகர் நீல்தே யோத்தி, எதிர்க்கட்சிக்காரங்க நம்பி குடுத்த வேலை. பட்டியல்ல சொந்தக் கட்சி ஆளுங்களும் இருந்தாங்க, ஆனா பட்டியல் உண்மையானதுதான், நம்பலாம்னு 1984-ல அறிக்கை குடுத்தாங்க. அப்படி எழுதினவங்களை எந்தக் கட்சி கூப்பிட்டு மறுபடி நாற்காலி போடும், சொல்லுங்க.

1992-ல பார்லிமென்ட்டை விட்டு வெளிய வந்தாங்க. 1994-ல அந்த டிவி முதலாளி பிரதமரானார், பேரு சில்வியோ பெர்லுஸ்கோனி.