இத்தாலியக் கால்பந்து வீரர் பாவ்லோ மால்தினி இத்தனை ஆண்டுகள் முன்னணித் தடுப்பாட்டக்காரராக நீடித்தது எப்படி?
1985 ஜனவரியில், 16 வயதில், உதினேசே அணிக்கு எதிராக ஏ.சி. மிலான் அணியில் அறிமுகமான மால்தினி, 2009-இல் ஓய்வு பெறும்வரை வேறு எந்தக் கிளப்புக்கும் ஆடவில்லை. அவர் நீடித்ததற்கு என் பார்வையில் முதன்மைக் காரணம் முன்கணிப்பு: எதிரணி வீரரிடம் பந்து சேருமுன்பே உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, அவரை எல்லைக்கோட்டை நோக்கி ஒதுக்கிவிடுவார், ஆகவே சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்க வேண்டிய தேவை அவருக்கு அரிதாகவே எழுந்தது. இயல்பில் வலக்கால் ஆட்டக்காரரான அவர் (பலருக்கு இது வியப்பளிக்கும்) இடப்புறக் காவலில் இரு கால்களாலும் தேர்ச்சியுடன் ஆடி, பிற்காலத்தில் நடுக்காவலுக்கு மாறினார். மிலானுடன் ஐந்து ஐரோப்பியக் கோப்பைகளை (ஐரோப்பியக் கிளப்புகளுக்கான முதன்மைக் கோப்பை) வென்றார். அவற்றுள் 2003-இல் அணித்தலைவராக இங்கிலாந்தில் அவர் ஏந்திய கோப்பையை, அதே நாட்டில் 1963-இல் அவர் தந்தை சேசரேயும் மிலான் தலைவராக ஏந்தியிருந்தார். இத்தாலிக்காக 126 ஆட்டங்கள் ஆடியும் உலகக் கோப்பை மட்டும் கைகூடவில்லை. 2002-இல் அவர் தேசிய அணியிலிருந்து விலக, 2006-இல் இத்தாலி அதை வென்றது.