அப்பாவின் டி-டைமர் பாதியாகிவிட்டதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. மாஸ்டர் செக்கப்பில், ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனையில் 640 வந்தது. 500க்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். பயந்துபோய்ப் பத்து நாள் கழித்து வேறு லேபில் எடுத்தோம். 320! ரத்தக்கட்டி தானாகக் கரைந்துவிட்டதா? அவருக்குக் கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ கிடையாது. இரண்டு ரிப்போர்ட்டும் இணைத்திருக்கிறேன்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். முதல் தாளில் எஃப்.இ.யூ., இரண்டாவதில் டி.டி.யூ. இரண்டும் வேறு வேறு அலகுகள். பூக்காரம்மா முழத்தில் அளந்ததைத் துணிக்கடைக்காரர் மீட்டரில் அளந்தால் ஏறக்குறைய பாதிதானே வரும்? அதேதான் இங்கேயும். முதல் லேபின் 500 இரண்டாவது லேபில் 250. அப்பாவின் அளவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. லேபில் முப்பது வருஷம் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவள் நான். இந்த அலகுக் குழப்பத்தில் டாக்டர்களே தடுமாறிப் பார்த்திருக்கிறேன்.

சரி, 640 ஆபத்தா? ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற நார் வலை பின்னுகிறது. வேலை முடிந்ததும் பிளாஸ்மின் என்ற நொதி அதை வெட்டிப் போடுகிறது. அப்போது முடிச்சோடு வந்து விழும் துணுக்குதான் டி-டைமர். காய்ச்சல், ஆபரேஷன், கர்ப்பம், புற்றுநோய் எதிலும் அது கூடும். வெறும் வயதானாலே கூடும். அதனால் 50 தாண்டியவர்களுக்கு, எஃப்.இ.யூ. கணக்கில், வயதைப் பத்தால் பெருக்கி வருவதை எல்லையாக வைப்பது உண்டு. அப்பாவுக்கு 680. அவர் அதற்குள்தான் இருக்கிறார்.

ரத்தக்கட்டி இருக்குமோ என்ற சந்தேகம் லேசாக இருக்கும்போது, 'இல்லை' என்று சொல்லத்தான் இந்த டெஸ்ட் கெட்டிக்காரன். 'இருக்கிறது' என்று சொல்ல இதற்கு வாய் கிடையாது. அதற்குக் காலுக்கு டாப்ளர் ஸ்கேன், நுரையீரலுக்கு சி.டி. ஸ்கேன். ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கு இதைச் செக்கப் பாக்கேஜில் ஏன் சேர்க்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

இரண்டு தாளையும் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். மூன்றாவது லேப் வேண்டாம். நீங்களாக ஆஸ்பிரினும் ஆரம்பிக்காதீர்கள். என்றைக்காவது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, லேபுக்குப் போய் நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.