படமா, பார்வையா? என்எஃப்1 பிள்ளைகளின் பார்வை நரம்புக் கட்டி: கேள்வி பதில்

குழந்தைகளின் மூளை எம்ஆர்ஐ படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. நியூரோஃபைப்ரோமேட்டோசிஸ் வகை 1, அதாவது தோலில் திட்டுகளும் நரம்புகளில் கட்டிகளும் வரக்கூடிய மரபணுக் கோளாறான என்எஃப்1 உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: டாக்டர், பையனுக்கு 3 வயது. தோலில் பால் காப்பி நிறத் திட்டுகள், என்எஃப்1 என்று உறுதியாகிவிட்டது. பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. எதற்கும் ஒரு எம்ஆர்ஐ எடுத்து வைக்கலாமா?

எதற்கும் என்று எடுக்கிற ஸ்கேன்தான் வீட்டில் தூக்கத்தைக் கெடுக்கும். இந்தப் பிள்ளைகளில் 15 முதல் 20 சதவீதம் பேருக்குப் பார்வை நரம்புப் பாதையில் கட்டி வருகிறது, ஆனால் பாதிக்கு மேல் ஒரு தொந்தரவும் தராமல் அப்படியே கிடக்கும், சில தானாகவே சுருங்கியும் போகும். கண்ணில் குறை இல்லாதபோது அதைப் படத்தில் கண்டுபிடித்தால் சிகிச்சை மாறாது, கவலைதான் கூடும். அதற்குப் பதில் 8 வயது வரை வருடத்துக்கு ஒரு முறையாவது குழந்தைகள் கண் டாக்டரிடம் காட்டுங்கள். பார்வை இறங்கினால், புதிதாக மாறுகண் வந்தால், ஒரு கண் துருத்தினால், கண்ணுக்குள் நரம்பின் முனை வெளிறித் தெரிந்தால், அப்போது எம்ஆர்ஐ. பரிசோதனைக்கு உட்காரவே மாட்டேன் என்கிற பிள்ளைக்குச் சில டாக்டர்கள் எடுக்கச் சொல்வார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: சிடி ஸ்கேன் என்றால் சீக்கிரம் முடிந்துவிடுமே?

வேண்டாம். கதிர்வீச்சும் உண்டு, நரம்பும் தெளிவாகத் தெரியாது.

கேள்வி: மகளுக்கு 5 வயது. பார்வை நரம்பில் கட்டி. போன ரிப்போர்ட்டில் நரம்பின் தடிமன் 5 மி.மீ., இப்போது 6 மி.மீ. கீமோ ஆரம்பிக்க வேண்டுமா?

இந்த ஒரு மில்லிமீட்டருக்காக எத்தனை பேர் அழுதிருப்பார்களோ! என்எஃப்1 பிள்ளைகள் பலருக்கு அந்த நரம்பு நேராக இருக்காது, பாம்பு மாதிரி வளைந்து போகும். வளைவில் கோடு போட்டால் 6 வரும், ஒரு ஸ்லைஸ் தள்ளிப் போட்டால் 5 வரும், தலை கொஞ்சம் சாய்ந்திருந்தாலே மாறும். காலையில் நான் அளந்ததைச் சாயங்காலம் நானே அளந்தால் அதே எண் வராது. ஆனால் போன படத்தோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது, மெதுவாக வளர்கிற கட்டி அடுத்தடுத்த படங்களில் பிடிபடாது. முதல் படத்தையும் டிஸ்க்கோடு எடுத்துப் போங்கள், காகித ரிப்போர்ட்டை வைத்து யாராலும் அளக்க முடியாது.

அப்புறம், சிகிச்சை வேண்டுமா என்று முடிவைச் சொல்வது பெரும்பாலும் கண் டாக்டர் படிக்கச் சொல்கிற சார்ட்தான். கட்டி பெரிதாகியும் பார்வை அப்படியே இருக்கிற பிள்ளைகள் உண்டு, கட்டி அசையாமல் இருக்கும்போதே பார்வை இறங்குகிறவர்களும் உண்டு. சார்ட்டில் இரண்டு வரி இறங்கி, திரும்பப் பார்த்தபோதும் அதுவே வந்தால் கீமோ பேச்சு வரும், வழக்கமாக கார்போபிளாட்டின், வின்கிறிஸ்டின் என்ற இரண்டு மருந்துகள். கதிர் சிகிச்சையை என்எஃப்1 பிள்ளைகளுக்குக் கூடியவரை தவிர்க்கிறோம், பின்னால் வேறு கட்டி வரலாம், மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கலாம்.

கேள்வி: எத்தனை மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன்? ஒவ்வொரு முறையும் படம் பளிச்சென்று தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் ஊசி போட வேண்டுமா?

கண்டுபிடித்த முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒன்று, பிறகு 6 மாதம், நிலைத்துவிட்டால் வருடத்துக்கு ஒன்று என்பது பொதுவான வழக்கம். வயது, கட்டி இருக்கும் இடம் பார்த்து டாக்டர் மாற்றுவார். கான்ட்ராஸ்ட் ஏற்றி இந்த முறை பளிச்சென்று தெரிகிறது என்பதாலேயே கட்டி வளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, இந்தக் கட்டிகளில் அந்த வெளிச்சம் கூடும், குறையும். அந்த ஊசியில் உள்ள கடோலினியம் கொஞ்சம் உடலில் தங்குவதால், ஊசி இல்லாத படமே போதுமா என்று தாராளமாகக் கேளுங்கள்.

கேள்வி: சிறுமூளையில் வெள்ளைப் புள்ளிகள் என்று எழுதியிருக்கிறார்கள். பரவிவிட்டதா?

இல்லை. என்எஃப்1ல் சகஜமாகத் தெரிகிற புள்ளிகள் அவை, வயது ஏற ஏறப் பெரும்பாலும் மங்கிவிடும். பக்கத்தில் இருப்பதைத் தள்ளினாலோ கான்ட்ராஸ்ட்டில் மின்னினாலோதான் நான் இரண்டாம் முறை பார்ப்பேன்.

கேள்வி: 6 வயது மகளுக்கு மார்பு வளர ஆரம்பித்திருக்கிறது, திடீரென உயரமும் கூடுகிறது. அடுத்த ஸ்கேன் நான்கு மாதம் கழித்துதான், அப்போது சொன்னால் போதுமா?

போதாது, இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு பார்வை நரம்புகளும் சந்திக்கிற கயாஸ்மாவுக்குப் பக்கத்திலேயே ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் இருக்கிறது, கட்டி அங்கே தொட்டால் பருவ வளர்ச்சி முன்னதாக வந்துவிடும். ஹார்மோன் டாக்டர் பார்க்க வேண்டும். உயரம் குறித்து வைத்த நோட்டு இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள்.